கப்பலில் பால் மறக்கடித்தல்

தொலைக்காட்சியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் மூக்கில் எங்கேயோ ஒரு கேமராவை மாட்டி, ஜன்னல் இல்லாத அறைக்காரர்களும் கடலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சேனலையே அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். சத்தம் கிடையாது, பறவை கிடையாது, பாதித் திரை சாம்பல், பாதித் திரை நீலம், அவ்வளவுதான். தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு தண்ணீரைப் பெட்டியில் பார்ப்பதற்கு வங்காள விரிகுடா வரைக்கும் வர வேண்டுமா, திண்டுக்கல்லில் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருக்கலாமே என்று சிவரஞ்சனி நினைத்தாள், நினைத்த கையோடு அந்த வாக்கியத்தை யாரிடம் சொன்னால் சுருக்கென்று தைக்கும் என்றும் யோசித்தாள், யாரும் இல்லை, அறையில் இருந்தது அவளும் அவள் மடியில் உதைத்துக்கொண்டிருந்த துருவனும்தான். அவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. மத்தியானத் தூக்கம் கண்ணில் வந்து நிற்கிறது, இமை சொருகுகிறது, மூக்கை அவள் தோளில் தேய்க்கிறான், ஆனால் தூங்க மாட்டான், ஏனென்றால் பிறந்ததிலிருந்து அவன் தூக்கத்துக்குள் நுழைந்த வாசல் ஒன்றே ஒன்றுதான், கப்பல் ஏறியதிலிருந்து அதை அவள் சாத்தி வைத்திருக்கிறாள். "பாச்சி," என்றான். "பாச்சி இல்லடா தங்கம். பாச்சியக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு." அவன் அவளுடைய சட்டையைத் தொட்டுக் காட்டினான், இதோ இருக்கிறதே, ஏன் பொய் சொல்கிறாய் என்பதுபோல. ஆதாரத்தோடு பேசுகிறவனிடம் என்ன வாதாடுவது. இருந்தது, அங்கேதான் இருந்தது, காலையிலிருந்து இரண்டு கருங்கல்லாக, அக்குள் வரைக்கும் நரம்பை இழுத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு முறை சிணுங்கும்போதும் உள்ளே எறும்பு ஊர்வதுபோல ஊறிக்கொண்டு இருந்தது. பால் வற்றுவதற்காகத் துணியில் வைத்துக் கட்டிய மல்லிகைப்பூ சூட்டில் வெந்து கிடந்தது. அதற்கு அடியில், பிள்ளை வாய் வைத்தால் கசப்பதற்காக, வேப்பங்கொழுந்து அரைத்த விழுது காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. கல்யாண வீட்டு வாசனையும் அம்மை போட்ட வீட்டு வாசனையும் ஒரே உடம்பிலிருந்து வருகிறது என்று நினைத்தாள், சிரிப்பு வரவில்லை.

ரொம்ப நியாயமான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கப்பலை விட்டு இறங்கும்போது பிள்ளை பாலை மறந்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகலாம், விடுதியில் தங்கி, பாதியில் விட்ட ஆராய்ச்சியை முடிக்கலாம், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துகொள்ளலாம். மறக்கவில்லை என்றால் போக முடியாது. பிரசவத்துக்கு எடுத்த விடுப்பு நீண்டு நீண்டு இந்த ஜூனோடு அறுந்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. அவளுடைய நெறியாளர் சகுந்தலா மேடம் போனில், "இதுக்கு மேல என்னால தள்ள முடியாதும்மா, மாசம் முடியறதுக்குள்ள வந்து கையெழுத்துப் போடு, இல்லன்னா பதிவு போயிரும்" என்று சொல்லிவிட்டார். இதில் தகராறு பண்ண என்ன இருக்கிறது. அதுதான் அவளுக்கும் பிடிபடவில்லை. எதிராளி வாயைத் திறக்கும்போதே ஓட்டை எங்கே என்று தேடுகிறவள், ஆய்வுக் கூட்டங்களில் இவள் கையைத் தூக்கினால் மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இத்தனை நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், எங்கேயோ தப்பு இருக்கிறது, விரலை வைத்தால் நழுவுகிறது. அன்றைக்கு முதலில் சொன்னது யார்? அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போக முடியும் என்று அத்தை கேட்டாள், கேட்டாளா, இல்லை, போக முடியுமா என்றுதான் கேட்டாள். அப்புறம் தினகர், அவளுடைய கணவன், கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "பால நிறுத்திட்டுப் போகட்டும், ரெண்டு பேருக்கும் நல்லது" என்றான். எந்த இரண்டு பேருக்கு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி என்றாள். ஏன் சரி என்றாள்? வெங்காயத்தால் கண் எரிந்தது. எரிந்த கண்ணோடு யாரும் எதற்கும் சரி சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும்.

"ம்மா, பாச்சி." "தண்ணி குடிக்கிறியா? ஜூஸ் வேணுமா? அந்த மாமா குடுத்தாரே, மஞ்சள் ஜூஸ்?" "ஜூசு ச்சீ." ஜூஸ் ச்சீ, பிஸ்கட் ச்சீ, பால் புட்டி ச்சீ, கப்பல் ச்சீ. கப்பலில் நிறுத்தினால் சுலபம் என்றதும் அத்தைதான், பராக்குப் பார்த்துக்கொண்டே மறந்துவிடுவான் என்றாள். மாமாவுக்குத் திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை. நிர்ணயித்த அளவுக்கு மேல் விற்ற டீலர்களை எல்லாம் கம்பெனி குடும்பத்தோடு கப்பல் ஏற்றியிருந்தது, எல்லோருக்கும் ஒரே மாம்பழ நிறத்தில் பனியன், அத்தைகூடப் புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். பேரனுக்குக் குழைசாதம் வைக்க என்று கொண்டுவந்த ரைஸ் குக்கரைத் துறைமுகத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேப்பங்கொழுந்து இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து முகர்ந்த காவல்காரன் முகத்தைச் சுளித்து, "என்னம்மா இது?" என்றான். "மருந்துப்பா." "பிள்ளைக்கா?" "பிள்ளையோட அம்மாவுக்கு," என்றாள் அத்தை, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. டப்பா தப்பித்தது. அந்த மருந்தின் லட்சணமும் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆவலாக வாயை வைத்தவன் முகத்தைக் கோணினான், நாக்கை நீட்டினான், "கச்சு" என்றான், இத்தோடு முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மூடியபோது உள்ளே ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் பிள்ளை கப்பல்காரர்களின் வெள்ளைத் துண்டை இழுத்து, பெயிண்ட் டப்பா மூடியில் வழிந்ததை மாமா துடைப்பாரே, அதே நிதானத்தோடு ஓரம் ஓரமாகத் துடைத்துவிட்டு, திரும்பவும் வாயை வைக்க வருகிறான். அவள்தான் பிடுங்கிக்கொண்டாள். அவன் அழவில்லை அப்போது, அவள் முகத்தைத்தான் பார்த்தான். கசந்ததை மன்னிக்கத் தயாராக இருந்தவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அவள். அதற்கு என்ன பெயர், அதற்கு எந்தக் கொழுந்தை அரைப்பது.

சுவரில் டொக்கென்று ஒரு சத்தம். சுவரா, தண்ணீரா. அறை கப்பலின் கீழ்த் தட்டில் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. முதல் நாள் எல்லோரையும் மேலே வரச் சொல்லி, மிதவைச் சட்டை மாட்டிக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். சங்கு ஊதினால் லிஃப்டில் ஏறக் கூடாது, பெட்டியை எடுக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏற வேண்டும். துருவனுக்கும் சின்னதாக ஒரு ஆரஞ்சுச் சட்டை, அதில் ஒரு விசில், அந்த ஒன்றுதான் இந்தக் கப்பலில் அவனுக்குப் பிடித்த பொருள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டபோது அவள் மட்டும் படிகளைப் பார்த்து வைத்துக்கொண்டாள், எத்தனை திருப்பம், கைப்பிடி எந்தப் பக்கம். இப்போது சங்கு ஊதினால் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், மார்பு இப்படி இருக்கும்போது ஓட முடியுமா, அடி வைத்தாலே உயிர் போகிறது. வலது பக்கம் ஒரு கட்டி, காலையில் சுண்டைக்காய், இப்போது நெல்லிக்காய். எதிர்வீட்டுக்காரிக்கு இப்படித்தான் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, கடைசியில் கத்தி வைத்தார்கள். அவளுக்கும் லேசாகக் குளிர்கிற மாதிரி இருந்தது. ஏசியா, காய்ச்சலா. அத்தையிடம் சொன்னால், "கட்டத்தான் செய்யும், கட்டினாத்தான் வத்தும், நான் ரெண்டு பிள்ளைக்கு நிறுத்தினவ" என்பாள். அத்தைக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவர்களோடு வாதாடுவது எவ்வளவு அலுப்பு. அவர்கள் சொல்வது பாதி சரியாக வேறு இருந்துவிடுகிறது.

அவள் படித்தது கடற்புல். சிரிப்பார்கள், மாட்டுக்கா என்று மாமா கேட்டார் பெண் பார்க்க வந்தபோது, ஆமாம் மாமா, கடல் மாட்டுக்கு என்று அவள் சொன்னாள், அந்தப் பதிலுக்காகத்தான் தன்னைப் பிடித்துப்போனதாகத் தினகர் பிற்பாடு சொன்னான். வாய்க்காகக் கட்டிக்கொண்டு வாயை மூடச் சொல்கிற வம்சம். பாக் நீரிணையில் கரையோரமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கம்பிச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கிற புல்லை மட்டும் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு வெளியே உலகம் இல்லை. அந்த நிம்மதி. தலைக்கு மேல் வெயில், முட்டியில் இடிக்கும் சின்ன மீன், யாரும் அவளிடம் எதையும் கேட்காத ஒரு முற்பகல். அந்தப் புல்லை மேய ஆவுளியா என்கிற கடல்பசு வரும். பெரிய சாம்பல் நிற உடம்பு, துடுப்புக்கு அடியில் மடி, கன்று கூடவே நீந்தி அங்கே முட்டிக் குடிக்கும். புல்லையும் தின்னும், பாலையும் குடிக்கும், பிறந்த கொஞ்ச நாளிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கினாலும் ஒன்றரை வருஷம் வரைக்கும் தாயை விடாது. அதற்கு யாரும் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்ததாக எந்தக் கட்டுரையிலும் அவள் படித்ததில்லை. தாய் மேயப் போகும்போது, நீ கன்றை மறக்கடித்துவிட்டுப் போ என்று எந்தக் கடலும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாய் விடுதிக்குப் போவதில்லையே, என்று அவளே எதிர்க்கட்சியாகவும் பேசினாள். கன்று கூடவே போகிறதே. பல்கலைக்கழக விடுதியில் கன்றை விடுவார்களா, காப்பாளரிடம் கேட்டுப் பார்த்தாயா. கேட்டாள். சிரித்தார்கள். ஆக அங்கேயும் ஒரு நிபந்தனை, இங்கேயும் ஒரு நிபந்தனை, நடுவில் இந்த ஜன்னல் இல்லாத அறை. போக வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பதை இந்த வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒன்று உண்டு. கடமை, படிப்பு, பதிவு என்றெல்லாம் சொன்னால் அனுப்புவார்கள். ஆசையாக இருக்கிறது, இவனை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரில் போய் நிற்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னால், என்ன பொம்பளை இவள் என்பார்கள். அவளே சில சமயம் கேட்டுக்கொள்கிறாள்.

கதவில் அட்டையைக் காட்டும் சத்தம் கேட்டது. தினகர் வந்தான், தலைமுடி ஈரமாக, நீச்சல் குளத்துக் குளோரின் வாடையோடு. "இன்னும் தூங்கலையா இவன்?" "நீ கொஞ்ச நேரம் தூக்கிட்டுப் போயேன் தினா." பெரியவர்கள் முன்னால் நீங்க, கதவு சாத்தினால் நீ, சாத்திய கதவுக்குள் கிடைக்கிற சலுகைகளில் அது ஒன்று. "நான் தூக்கினாலும் பாச்சின்னுதான் கேப்பான். எங்கிட்ட எங்க இருக்கு?" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு, கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை, கெட்டவனாக இருந்தால் எவ்வளவோ வசதி. "மேல தம்போலா ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா எனக்கும் சேத்துச் சீட்டு வாங்கி வச்சிருக்காரு. தொப்பி எங்க?" "பைக்குள்ள. எனக்குக் கட்டிக்கிட்டு ரொம்ப வலிக்குது." "பல்லைக் கடிச்சுக்கோ. இன்னிக்கு ஒரு நாள்தான், அம்மா சொன்னாங்க இன்னிக்கு மத்தியானம் தாண்டிட்டா அவன் கேக்கவே மாட்டான்னு." "ஒனக்கு வலிச்சா பல்லக் கடிப்பியா?" "ஏன்டி சண்டைக்கு வர்ற? நீதான சரின்னே." தொப்பியை மாட்டிக்கொண்டு பிள்ளையின் உச்சியில் முத்தம் கொடுத்தான், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, இந்தக் கப்பலில் எல்லாக் கதவும் ஓசைப்படாமல் சாத்திக்கொள்கிறது, ஓங்கி அறையக்கூட ஒரு கதவு கிடையாது. நீதானே சரி என்றாய். ஆமாம், சரி என்றாள். சரி என்றவள் யார், எரிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த அவள். எதற்குச் சரி என்றாள், போவதற்கு, போவதற்கு மட்டும்தான் சரி சொன்னாள், இல்லை, முழு வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னாள், பால நிறுத்திட்டுப் போகட்டும், அதில் நிறுத்திட்டு என்பதை மட்டும் எப்படிக் கழற்றுவது, தைத்து அல்லவா வைத்திருக்கிறார்கள்.

அப்பா போன கதவையே பார்த்துக்கொண்டிருந்த துருவன் மடியிலிருந்து இறங்கினான். தள்ளாடிக்கொண்டு தொலைக்காட்சி வரைக்கும் போனான். திரைக்கு முன்னால் நின்று கடலை மேலிருந்து கீழே பார்த்தான், ஓரத்திலிருந்து ஓரம் பார்த்தான். "காக்கா இல்ல," என்றான். அவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, ரொம்ப மரியாதையாக, "காக்கா, தா," என்று கேட்டான். கொஞ்சம் காத்திருந்தான். கடல் வந்துகொண்டே இருந்தது, காக்கா வரவில்லை. அப்புறம்தான் அழுதான், இதுவரைக்கும் அழுதது அழுகையே இல்லை என்று ஆகும்படி, தரையில் உட்கார்ந்து, கையைக் காலை வெட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டும்படி. தட்டட்டும். நீங்களும் டீலர்தானே, உங்கள் பனியனும் மாம்பழ நிறம்தானே, வந்து கேளுங்கள். அவள் எழுந்து தூக்கினாள், அவன் வில்லாக வளைந்து பின்னுக்குச் சரிந்தான், முகம் அவள் மார்பில் மோதியபோது வலியில் கண் இருட்டியது, கூடவே துணியை நனைத்துக்கொண்டு தானாகப் பால் இறங்கியது, யாரிடமும் அனுமதி கேட்காமல், சரி சொல்லாமல், எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போடாத பால். அறையில் நாலு எட்டு நடந்தால் சுவர், திரும்பி நாலு எட்டு நடந்தால் சுவர். இப்போது கொடுத்தால் என்ன. யாருக்குத் தெரியும். கொடுத்தால் சாயங்காலம் கேட்பான், ராத்திரி கேட்பான், பட்ட பாடெல்லாம் வீண், மறக்கவில்லை, ஆகவே போக முடியாது. கொடுக்காவிட்டால் மறப்பான், ஆகவே போகலாம், ஆனால் எதை மறப்பான், பாலை மட்டும்தானா, பிள்ளையின் ஞாபகத்தில் பால் வேறு அம்மா வேறு என்று கோடு போட்டா வைத்திருக்கிறது. அத்தை வரட்டும். இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். பால் என்னுடையது அத்தை, பசி அவனுடையது, நிபந்தனை மட்டும் எப்படி உங்களுடையதாக ஆனது. உங்கள் பிள்ளை வியாபாரத்துக்கு வெளியூர் போனாரே மாதக்கணக்கில், எதை மறக்கடித்துவிட்டுப் போனார். நான் படிப்பது ஊர் மேயவா, எழுதி முடித்துவிட்டு வரப்போகிறேன், நீங்கள் என்ன சொல்வீர்கள், பிள்ளை ஏங்கிவிடும் என்பீர்கள், ஏங்கட்டும் என்றா நான் சொல்கிறேன், இந்த வேப்பங்கொழுந்து அவன் ஏக்கத்தைத் தீர்ப்பதற்கா இல்லை என்னைத் தண்டிப்பதற்கா. நன்றாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் கூராக, இடம் பார்த்து. அத்தை கோபப்படுவாள், பட வேண்டும், கோபப்பட்டால்தான் அடுத்ததைச் சொல்ல முடியும். பிள்ளையின் குரல் கம்மிப் போயிருந்தது. அழுகைக்கு நடுவில் விக்கல். அதற்கும் நடுவில் ஒரு புது வார்த்தை: "அம்மா வேணாம்." யாரும் சொல்லித் தராமல், தானாகக் கண்டுபிடித்தது.

கதவைத் தட்டினார்கள். அவள் ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் திறந்தாள். அத்தைதான், பனியனுக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மூடி வைத்த தட்டில் தயிர்சாதம், வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. முதல் வாக்கியம் சிவரஞ்சனியின் நாக்கு நுனியில் நின்றது, பால் என்னுடையது அத்தை. அத்தை பிள்ளையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள், புறங்கையை அவள் கழுத்தில் வைத்தாள். "சுடுதே. எப்பலேர்ந்து?" "தெரியல." "உக்காரு. மொதல்ல உக்காரு." தட்டை வைத்துவிட்டு, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேரனின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள். "படிக்கட்டு வரைக்கும் கேக்குது இவன் சத்தம். குடுத்துரும்மா." சிவரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். "குடு. என்னத்துக்கு இந்தப் பாடு, நீயும் வெந்து அவனும் வெந்து. நான் நிறுத்தினப்ப எங்க மாமியாரு என்னை ஒரு வாரம் மாடியில தனியாப் போட்டாங்க, இவன் அப்பன் கீழ கத்துவான், அதக் கேட்டுக்கிட்டு நான் மேல கிடப்பேன். அந்தக் கொடுமை ஒனக்கு வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நிஜமாகவே. "அவனாக் குடிச்சு அவனா விடட்டும். அடுத்த வருஷம் ஸ்கூல்ல போட்டா தானா மறந்துருவான். அப்பறம் நீ போய்க்கோ. படிப்பு எங்க போயிரப் போகுது."

கூராகச் செதுக்கி வைத்திருந்தது எல்லாம் கையோடு மழுங்கிப் போயிற்று. கோபத்துக்கு அவளிடம் பதில் இருந்தது, இந்த இரக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை, உள்ளங்காலைத் தடவிக்கொண்டே அத்தை படிப்பை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டாள், எவ்வளவு மெதுவாக, கப்பல் கதவு மாதிரி. நன்றி வேறு சொல்ல வேண்டும். சொல்லத்தான் தோன்றியது, அதுதான் பயங்கரம், உடம்பு முழுக்கக் கெஞ்சியது, சரி என்று சொல்லிவிடு, சரி என்றால் இந்த வலி போகும், இந்த அழுகை போகும், சரி அத்தை, அடுத்த வருஷம் அத்தை. ஆக மறந்தாலும் அவர்கள் சொன்னபடி, மறக்காவிட்டாலும் அவர்கள் சொன்னபடி. கொடுத்தால் போகக் கூடாது, போனால் கொடுத்திருக்கக் கூடாது. இதை அதோடு கட்டியது யார், என்று திரும்பவும் அதே இடத்தில் வந்து முட்டினாள், அத்தையா, தினகரா, வெங்காயமா, யாராக இருந்தால் என்ன, கட்டினவர்களைத் தேடிக்கொண்டே இத்தனை நாள் முடிச்சின் மேல் கை வைக்காமல் இருந்திருக்கிறாள். அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள், பூக்கட்டை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள், வெந்நீரில் துண்டை நனைத்து வேப்பங்கொழுந்தைச் சுரண்டித் துடைத்தாள், தோல் எரிந்தது. திரும்பி வந்து, மடியை விரித்துப் பிள்ளையைப் போட்டுக்கொண்டாள். அவன் உடனே வாயை வைக்கவில்லை. சந்தேகமாக விரலால் தொட்டு, விரலை நக்கிப் பார்த்தான். அப்புறம் கவ்வினான். முதல் இழுப்பில் அவள் பாதம் வரைக்கும் வலி ஓடி, கண்ணில் தண்ணீராக வந்து நின்றது. இரண்டாவது, மூன்றாவது, கல் இளகத் தொடங்கியது. அவனுடைய விக்கல் ஒவ்வொன்றாக விலகி விலகிப் போயிற்று. அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை அத்தை ஒதுக்கினாள். "பாரு, எவ்வளவு பாவமாக் குடிக்கிறான்."

"குடிக்கட்டும் அத்தை," என்றாள் சிவரஞ்சனி. "நான் இந்த மாசமே போறேன்."

அத்தையின் கை நின்றது. "இப்பத்தான பால் குடுக்கறே."

"பாலும் குடுப்பேன். போகவும் போவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவேன். நான் வீட்ல இருக்கறப்ப குடிப்பான், இல்லாதப்ப உங்க கையால சாப்பிடுவான்."

"அப்ப பால் நிக்காதே."

"நிக்க வேணாம்."

மேலே எங்கேயோ தம்போலாவில் யாரோ ஜெயித்து, கூட்டம் கை தட்டுவது கூரை வழியாக மங்கலாகக் கேட்டது. அத்தை தட்டின் மூடியைத் திறந்தாள், மூடினாள். கோபப்படுவாள் என்று சிவரஞ்சனி காத்திருந்தாள், மழுங்கியதைத் திரும்பத் தீட்டிக்கொண்டு. அத்தை பேரனின் வாயையும் அவள் மார்பையும் மாறி மாறிப் பார்த்தாள், வலது பக்கத்துக் கட்டியை விரல் நுனியால் அழுத்தி, "இங்கருந்து கீழ பாத்து நீவி விடு, கரையும்" என்றாள். அப்புறம், யாரோடோ உள்ளுக்குள் தர்க்கம் பண்ணிவிட்டு வந்தவள்போலக் கேட்டாள்.

"அங்க இருக்கறப்ப கட்டிக்கிட்டா என்ன பண்ணுவே?"

"பீச்சி ஊத்திருவேன்."

"கண்ட எடத்துல ஊத்தக் கூடாது. தாய்ப்பாலு, ஒரு காலு படக் கூடாது."

"கடல்ல ஊத்தறேன்."

அத்தை அதை யோசித்தாள். முகத்தில் இறுக்கம் விடவில்லை, ஆனால் யோசித்தாள், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சரியாக வருகிறதா என்று.

"கடலுன்னா பரவால்ல," என்றாள்.